பிள்ளைகளின் அப்பத்தை நாங்கள் பறிக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் போதகர் ஒருவர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு நாய், பூனை வளர்க்கும் கிறிஸ்தவத் தம்பதிகளைப் பற்றியது அது. 'பிள்ளைகளின் அப்பத்தை நாய்களுக்குப் போடுகிறவர்கள்' என்று எங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். 'எங்களை' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நானும் என் கணவரும் அப்படிப்பட்ட தம்பதிதான். பிள்ளை பெறுவதில்லை என்பதைத் திருமணத்துக்கு முன்பே பேசி, ஜெபித்து முடிவு செய்தோம். எங்கள் வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. மூன்றுமே யாரோ கைவிட்டவை. அதனால் இந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடலாம். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வரும் சீரோபேனிக்கியா தேசத்துப் பெண், பிசாசு பிடித்த தன் மகளுக்காக இயேசுவிடம் வந்து கெஞ்சுகிறாள். அவர் யூதருக்கும் அவளைப் போன்ற புறஜாதியாருக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துத்தான், பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று பேசுகிறார். வீட்டில் யார் என்ன வளர்க்கலாம் என்பது அங்கே பேச்சே இல்லை. அந்தப் பெண் சும்மா திரும்பிப் போகவில்லை. மேஜையின் கீழிருக்கும் நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்தும் துணிக்கைகளைத் தின்னுமே என்று பதில் சொல்கிறாள். இயேசு அந்தப் பதிலை ஏற்றுக்கொள்கிறார், மகள் குணமாகிறாள். மத்தேயு எழுதும்போது, உன் விசுவாசம் பெரிது என்று அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறார். அந்த மேஜையில் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள், கீழே இருந்த குட்டிகளும் சாப்பிட்டன. யாருடைய அப்பமும் குறையவில்லை. கடைசியில் கொடுத்து முடிகிற ஒரு நிகழ்ச்சியிலிருந்து மறுக்கிற ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து எங்கள்மேல் எறிவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எங்களுக்குக் குழந்தைகளைப் பிடிக்காது என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டுவிட்டார். நான் ஒரு செவிலியர். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளுக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செருகி, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, தாய்ப்பால் தானாக இறங்கும்வரை காத்திருப்போம். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. அந்த நேரத்தில் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைத் தவிர வேறெதையும் பார்க்கத் தோன்றாது. குழந்தைகள் மேல் அன்பில்லாமல் இந்த வேலையில் நிலைத்திருக்க முடியாது. ஒரு பிள்ளை தன் தாய் தகப்பனிடம் என்னவெல்லாம் கேட்கும் என்பதை நான் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் கேட்கும், கேட்பதும் சரிதான். எங்கள் இருவருக்கும் தேவன் வைத்திருப்பது வேறு வேலை என்று ஆழமாகத் தோன்றியது. இராத்திரி முழுவதும் மற்றவர்களுடைய பிள்ளைகளோடு நான் இருக்கிறேன். அடிபட்ட விலங்குகளை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதும், தேறும்வரை வீட்டில் வைத்துப் பார்ப்பதும் என் கணவருடைய வேலை. பிள்ளை பெறுவதே தவறு என்று சொல்கிறவர்கள் உலகில் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாங்கள் இல்லை. பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்ற சங்கீதத்தை நானும் மனதார நம்புகிறேன். ஆனால் ஒரு வரம் நல்லது என்பதால் எல்லாரும் அதைப் பெற்றே தீர வேண்டும் என்று ஆகிவிடாது. அவனவனுக்குத் தேவனால் கிடைத்த வரம் வெவ்வேறு என்று பவுலே எழுதுகிறார்.

எங்கள் நாயின் பெயர் பொம்மி. வாகனம் மோதி முதுகெலும்பு முறிந்த நிலையில் வந்தாள். மருத்துவர் அவளுடைய பின்னங்கால் விரலை இடுக்கியால் நன்றாக அழுத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வலி தெரியவில்லை என்றால் கால்கள் திரும்ப வருவது கடினம் என்று சொன்னார், அப்படியே ஆயிற்று. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றுவாள். சிறுநீர் தானாகப் போகாது, நாங்கள்தான் எடுத்துவிட வேண்டும். அடிவயிற்றில் கை வைத்தால் மூத்திரப்பை தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி விரலுக்குத் தட்டுப்படும். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து, மெதுவாக, ஒரே சீராக, வால் பக்கம் தள்ளி அழுத்த வேண்டும். கை நடுங்கினால் அவள் வயிற்றை இறுக்கிக்கொள்வாள், அப்புறம் ஒரு சொட்டும் வராது. முழுவதும் காலியாகாமல் விட்டால் தொற்று வந்துவிடும். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நேரம் தவறக் கூடாது. படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். நான் வேலையில் இருக்கும்போது இதையெல்லாம் என் கணவர் செய்கிறார். இதைச் செய்கிற மனிதரைத்தான் 'பொறுப்பிலிருந்து தப்பி ஓடும் தலைமுறை' என்று கட்டுரை சொல்கிறது.

நாயைப் பிள்ளை என்று அழைப்பதைக் கட்டுரையாளர் கேலி செய்திருக்கிறார். நாங்கள் பொம்மியை அப்படி அழைப்பதில்லை. அவள் நாய், நாயாக இருப்பதிலேயே அவளுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் அப்படி அழைக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தை அவர் ஒருமுறை வாசிக்கலாம். தாவீதின் மனச்சாட்சியைத் தொட நாத்தான் தீர்க்கதரிசி ஒரு கதை சொல்கிறார். ஒரு ஏழையிடம் ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அது அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்து, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது. அந்த ஏழைக்குப் பிள்ளைகளும் இருந்தார்கள், குட்டி அவர்களோடுகூட வளர்ந்தது என்று அதே வசனம் சொல்கிறது. நாத்தான் அவனைக் கண்டிக்கவில்லை, தாவீதும் கண்டிக்கவில்லை. அந்தக் குட்டியை அடித்துச் சமைத்த பணக்காரன் மேல்தான் ராஜாவுக்குக் கோபம் மூண்டது.

இனி அந்தக் கட்டளை. 'பலுகிப் பெருகுங்கள்' என்பது வேதாகமத்தின் முதல் கட்டளை, அதை மீற யாருக்கும் உரிமையில்லை என்கிறார் கட்டுரையாளர். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் அந்த வார்த்தை இரண்டு முறை வருகிறது. மனிதரிடம் சொல்வது 28-ஆம் வசனத்தில். அதற்கு முன்பே, 22-ஆம் வசனத்தில், கடலில் உள்ள மீன்களுக்கும் வானத்துப் பறவைகளுக்கும் தேவன் அதே ஆசீர்வாதத்தைக் கொடுத்துவிட்டார். மனிதர் பங்கு நிறைவேறிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். ஐ.நா. கணக்குப்படி 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. மற்ற உயிர்களின் பங்கு என்ன ஆயிற்று? பூமியில் உள்ள பாலூட்டிகளை எல்லாம் எடை போட்டால், சுமார் 60 சதவீதம் நாம் வளர்க்கும் கால்நடைகள், 36 சதவீதம் மனிதர்கள், காட்டு விலங்குகள் வெறும் 4 சதவீதம் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பறவைகளிலும் பாதிக்கு மேல் பண்ணைக் கோழிகள்தான். ஒரே அதிகாரத்தில் இரண்டு ஆசீர்வாதங்கள் இருக்கும்போது, ஒன்றை மட்டும் சபையில் சத்தமாகச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருமணமாகியும் பிள்ளை வேண்டாம் என்று இருக்கலாம் என நேரடியாகச் சொல்லும் வசனம் வேதாகமத்தில் கிடையாது. இயேசுவுக்குப் பிள்ளைகள் இல்லை, பவுலுக்கும் இல்லை என்று எங்களைப் போன்றவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் மணம் செய்யாதவர்கள், நாங்கள் மணம் செய்தவர்கள். அந்த வேறுபாட்டை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகள் பிறந்தேயாக வேண்டிய அவசரம் கிறிஸ்துவுக்குப் பிறகு இல்லை என்று எழுதிய பழங்காலத் திருச்சபைப் பேராயர் அகஸ்டின்கூட, வேண்டுமென்றே பிள்ளையைத் தவிர்க்கும் தம்பதியை ஏற்றிருக்க மாட்டார். ஆனால் புதிய ஏற்பாட்டில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது என்பதை யாராலும் மறுக்க முடியாது. பழைய ஏற்பாட்டில் பிள்ளையில்லாமை அவமானம். சாராள், ராகேல், அன்னாள் மூன்று பேரின் கண்ணீரும் அதற்குச் சாட்சி. ஏசாயா 56-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அந்த அவமானத்தைத் துடைக்கிறார். நான் பட்டமரம் என்று அண்ணகன், அதாவது பிள்ளை பெற இயலாதவன், சொல்ல வேண்டாம், என் ஆலயத்தில் குமாரரையும் குமாரத்திகளையும்விட மேலான இடத்தை அவனுக்குத் தருவேன் என்கிறார். அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் அப்படிப்பட்ட ஓர் எத்தியோப்பிய மந்திரி, ஏசாயாவின் புஸ்தகத்தையே மடியில் வைத்து வாசித்துக்கொண்டு ரதத்தில் போகிறார். பிலிப்பு அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார். உனக்கு வாரிசு உண்டா என்று பிலிப்பு கேட்டதாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

கட்டுரையாளர் தமக்கு ஆதரவாக மறைந்த போப் பிரான்சிஸை மேற்கோள் காட்டியிருந்தார். 2022 ஜனவரி 5-ஆம் தேதி உரையில், பிள்ளைகளின் இடத்தில் நாயையும் பூனையையும் வைக்கிறவர்களிடம் ஒருவகைத் தன்னலம் தெரிகிறது என்று போப் சொன்னது உண்மை. அதைப் படித்தபோது எனக்கு வலித்தது, ஏனென்றால் நான் மிகவும் மதித்த மனிதர் அவர். ஆனால் அந்த உரை இயேசுவை வளர்த்த யோசேப்பைப் பற்றியது. பெற்றால்தான் தகப்பனா என்று கேட்டு, தத்தெடுப்பதை அவர் உயர்வாகப் பேசியதும் அதே உரையில்தான். 2015-இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' சுற்றறிக்கையில், மற்ற உயிர்களிடம் காட்டும் அலட்சியமும் கொடுமையும் கடைசியில் மனிதரை நடத்தும் விதத்திலும் வந்து நிற்கும் என்று எழுதியவரும் அவரேதான். கத்தோலிக்கத் திருச்சபை கருத்தடையை ஏற்பதில்லை, மணமேடையிலேயே பிள்ளைகளை ஏற்பீர்களா என்று கேட்கிறது. அந்தச் சபையைச் சேர்ந்தவர்களுக்கு எங்கள் முடிவு பொருந்தாது. அவர்கள் மனச்சாட்சியை நான் மதிக்கிறேன்.

நானும் கட்டுரையாளரும் புராட்டஸ்டண்டுகள். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி எப்போதோ பேசப்பட்டுவிட்டது. 1930-இல் லண்டனில் உள்ள லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்கள், பிள்ளைப்பேற்றைக் குறைக்கவோ தவிர்க்கவோ வேண்டும் என்ற தெளிவான ஒழுக்கக் கடமை உணர்வும் தகுந்த காரணமும் இருந்தால் கருத்தடையைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டார்கள். தன்னலம், சொகுசு, வெறும் வசதி ஆகியவற்றுக்காகச் செய்வதை அதே தீர்மானத்தில் கடுமையாகக் கண்டித்தார்கள். அதாவது, காரணத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இது எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது. எங்கள் காரணத்தைக் கேளுங்கள், துருவித் துருவிக் கேளுங்கள், பதில் சொல்கிறோம். கேட்காமலே தன்னலம் என்று தீர்ப்பு எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

சரி, பணம். 'அந்தச் செலவில் ஒரு ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்கலாமே' என்கிறார். இது அற்பமான கேள்வி இல்லை. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2418-ஆம் பத்தியும் மனிதத் துயரைத் தீர்க்க முதலில் போக வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. விலங்குகளைத் தேவையில்லாமல் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்று சொல்வதும் அதே பத்திதான். நாங்கள் மனிதருக்கு என்ன கொடுக்கிறோம் என்று இங்கே பட்டியல் போடப் போவதில்லை. வலது கை செய்வதை இடது கை அறிய வேண்டாம் என்று இயேசு சொல்லியிருக்கிறார். ஆனால் விலங்குகளிடம் இரங்குகிறவர்கள் மனிதரை மறந்துவிடுவார்கள் என்பதற்கு வரலாறு துணை நிற்கவில்லை. 1824-இல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கியபோது அதை முன்னின்று கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குரு. அந்த வேலைக்காகத் தம் திருச்சபைப் பதவியை விட்டவர், சங்கத்தின் கடனுக்காகச் சிறையும் போனவர். அவரோடு சேர்ந்து நின்றவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை நிறுத்த நாடாளுமன்றத்தில் பல வருடம் போராடிய அதே வில்பர்ஃபோர்ஸ்தான்.

'தேவன் மாடுகளுக்காகவே கவலையாயிருக்கிறாரோ?' என்ற பவுலின் கேள்வியையும் கட்டுரையாளர் எடுத்துப் போட்டிருந்தார். ஊழியருக்குக் கூலி கொடுங்கள் என்று வாதிடும்போது பவுல் எழுதிய வரி அது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்ற சட்டம் இல்லாவிட்டால் அவருடைய வாதத்துக்கே இடமில்லை. தேவன் கவலைப்படுகிறாரா என்ற கேள்விக்கு யோனா புத்தகத்தின் கடைசி வசனமே பதில் சொல்கிறது. நினிவே நகரத்தை ஏன் அழிக்கவில்லை என்பதற்கு, வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத லட்சத்து இருபதினாயிரம் பேரோடு 'அநேக மிருகஜீவன்களையும்' சேர்த்தே கர்த்தர் காரணமாகச் சொல்கிறார்.

வயதான காலத்தில் எங்களை யார் பார்ப்பார்கள் என்று பலர் அக்கறையாகவே கேட்கிறார்கள். தெரியாது. இராத்திரி வேலை முடிந்து வரும்போது எனக்கும் அந்தப் பயம் வருவதுண்டு. ஆனால் நம்மைப் பார்த்துக்கொள்வதற்காக ஒரு பிள்ளையைப் பெறுவதுதான் தன்னலமற்ற காரணமா? சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோது இயேசு தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார், அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாக ஏற்றுக்கொண்டான். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகளின் சாப்பாட்டுக்காகவே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதியவர்களைத் தாங்குவது சபையின் வேலை என்று ஆதிச்சபைக்குத் தெரிந்திருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கும் அந்தச் சபை ஒருநாள் தேவைப்படும்.

இந்தக் கட்டுரை எங்களைவிட அதிகமாகக் காயப்படுத்தியது வேறொருவரை. என் சபையில் ஓர் அக்கா இருக்கிறார். பல முறை கருத்தரித்தும் ஒரு குழந்தைகூடத் தங்கவில்லை. அவர் ஒரு பூனை வளர்க்கிறார். ஆராதனைக்கு வரும்போது அவருடைய கறுப்பு உடையில் எப்போதும் வெள்ளை முடி ஒட்டியிருக்கும். அன்னையர் தினத்தன்று, தாய்மார்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள் என்று மேடையிலிருந்து சொல்வார்கள். அப்போது அவர் தலையைக் குனிந்து பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவர் எதையும் தேடவில்லை என்று தெரியும். போதகரின் கட்டுரையை யாரோ அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'நான் பிள்ளையைவிடப் பூனையைத் தேர்ந்தெடுத்தவள் என்று நினைப்பார்களோ?' என்று என்னிடம் கேட்டார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு என் வீடும் அவர் வீடும் ஒரே மாதிரிதான் தெரியும். பிள்ளை இல்லாத ஒரு தம்பதி, ஒரு விலங்கு. எங்கள் வீட்டில் அது முடிவு, அவர் வீட்டில் அது துக்கம். கேட்காமல் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியப் போவதில்லை.

போதகர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. பிள்ளையில்லாத தம்பதிகளைப் பற்றிப் பிரசங்கிப்பதற்கு முன், உங்கள் சபையிலேயே இருக்கும் அப்படிப்பட்டவர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் ஆராதனையில் உங்கள் கண்ணெதிரேதான் இருக்கிறோம். இரண்டாவது, வீட்டில் வளர்ந்த ஒரு விலங்கு செத்துப்போய் யாராவது ஜெபிக்கச் சொல்லிக் கேட்டால், அதற்கெல்லாமா ஜெபம் என்று திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு காசுக்கு விற்கும் ஐந்து அடைக்கலான் குருவிகளில் ஒன்றையும் தேவன் மறப்பதில்லை என்று லூக்கா எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை வாசித்து, இரண்டு நிமிடம் ஜெபித்துவிட்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி